தொண்டை வலி என்று சொன்னேன்

திங்கட்கிழமை காலை சபைச் செயலர் போன் செய்தார். “சார், நம்ம கோயில்பிள்ளை யாக்கோபு தவறிட்டாரு. ஞாயித்துக்கெழம மணியடிக்க வேற ஆள் பாக்கணும்.” இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முப்பது வருடம் நாகமலைப் பக்கத்து நம் கோயிலில் மணியடித்து, பெஞ்சு துடைத்து, திருவிருந்துப் பாத்திரம் கழுவியவர் யாக்கோபு. அடக்கத்துக்கு வந்த நம்மில் பலர் கீழத்தெருவுக்குள் கால் வைக்கவில்லை. பெட்டி வரும்வரை மெயின் ரோட்டிலேயே நின்றார்கள். வெயிலாம்! நான் உள்ளே போனேன். செத்த பிறகு போவதில் என்ன வீரம்?

நம் சபையில் எழுதி வைக்காத வழக்கம் ஒன்று உண்டு. திருவிருந்தின் பொதுக் கிண்ணத்தில் மேலத்தெருக்காரர்கள் நாம் திராட்சை ரசம் குடித்து முடித்த பிறகுதான் கீழத்தெருக்காரர்கள் முழங்காலிட வருவார்கள். ஒரு ஈஸ்டர் அன்று, புதிதாக வந்த போதகருக்கு இது தெரியவில்லை. “விடியக்காலையில இருந்து நிக்கிறீங்க, முதல்ல நீங்க வாங்கண்ணே” என்று யாக்கோபைக் கூப்பிட்டுவிட்டார். அவர் தயங்கித் தயங்கி வந்து ஒரு வாய் குடித்தார்.

அடுத்தவன் நான். கிண்ணம் என் முன்னால் வந்தது. “தொண்டை வலி, ஐயா” என்று சொல்லி எழுந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். நாம் ஈஸ்டர் கொண்டாடிய லட்சணம் அது. சீ!

அடுத்த மாதமே கமிட்டி கூடி, சுகாதாரம் என்று பெயர் வைத்து, ஆளுக்கொரு குட்டிக் கிண்ணம் வாங்கியது. சம்மதம் சொன்னவர்களில் நானும் ஒருவன். அத்தனையையும் கழுவியது யாக்கோபுதான். “இம்புட்டையும் ஒத்தையாவா கழுவுறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “ஒத்தக் கிண்ணமா இருந்தப்ப சோலி லேசா இருந்துச்சு சார்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னைக் கொன்றது அதுவல்ல. அந்த ஈஸ்டருக்கு மறுநாள் காலை, கையில் ஒரு பொட்டலத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். “பனங்கற்கண்டும் மிளகும் சார். வாயில ஒதுக்கிக்கங்க, தொண்டைக்கு நல்லா கேக்கும்.” வாங்கிக்கொண்டேன். ‘உள்ளே வாங்க’ என்று சொல்லவில்லை. நம்பிக் கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா? ஒன்பது வருடம் இந்தக் கேள்வி என்னை அரித்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன், சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து ஒருவழியாகச் சொன்னேன். “யாக்கோபு, அன்னைக்கு எனக்குத் தொண்டை வலியெல்லாம் இல்ல. பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க.”

“தெரியும் சார்.”

“பெறகு எதுக்குக் கற்கண்டு கொண்டாந்தீங்க?”

“மத்தவுக ஒண்ணுஞ் சொல்லாம வெளிய போயிட்டாக. நீங்க ஒருத்தர்தான் எம் மனசு நோகக் கூடாதுன்னு ஒரு பொய்யாச்சும் சொன்னீக. அம்புட்டு மரியாதை எனக்கு யாரு சார் குடுத்தா?”

அவர் குத்திக் காட்டவில்லை. நன்றி சொன்னார். நான் மூஞ்சியைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இரங்கல் கூட்டத்தில் நல்ல ஊழியக்காரர் என்று அவரைப் புகழ்வீர்கள். புகழுங்கள். முப்பது வருடம் ஒரே கூரையின் கீழ் அவரோடு ஜெபித்த இந்தச் சபை அவருக்குக் கொடுத்த ஆகப் பெரிய மரியாதை என் பொய்தான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பொய்க்கு அவர் சொன்ன நன்றி ஒன்றுதான்.