மேல் வயலின் மடை

கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர்தான் வந்து சொன்னார், விவசாய இலாகா மேஸ்திரி தேவசகாயம் போய்விட்டார் என்று. மில்லை நிறுத்தினேன். நெல் அரைக்கக் காத்திருந்தவர்களில் ஒருவர், "யாரு, நம்ம உப்பு மேஸ்திரியா?" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செத்த அன்றைக்குமா அந்தப் பெயர்!

கெலமங்கலத்தாருக்கு அவரைத் தெரியும். அமோனியா உப்பு என்று நாம் சொல்லும் சீமை உரத்தை மூட்டையோடு சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்தவர். மண் செத்துவிடும், சோறு விடிவதற்குள் ஊசிப்போகும் என்று ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. "அளவாப் போட்டா கதிரு பெருக்கும், அரிசியும் உடையாது. மிஞ்சினாத்தான் கெடுதல்" என்று வாய் வலிக்கச் சொன்னார். கடைசியில், ஏரிக்குக் கீழே இருக்கும் என் வயலையே கொடுத்தேன்.

அளந்துதான் போட்டார். பயிரின் பச்சையைப் பார்த்ததும் மேல் வயல் நஞ்சப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவரும் ஒரு மூட்டை வாங்கி, தண்ணீர் ஓடும்போதே வீசிவிட்டார். நம் பக்கம் ஒரு வயல் நிரம்பி அடுத்த வயலுக்குப் பாய்கிற தண்ணீர்தானே? மடையைக் கட்டாமல் போட்ட உரமெல்லாம் கரைந்து என் வயலில் இறங்கியது. பயிர் கருகருவென்று வளர்ந்து, பால் பிடிக்கும் முன்பே சாய்ந்தது. அறுத்ததில் பாதி பதர். மீதி என் மில்லிலேயே நொய்யாக விழுந்தது. "மேஸ்திரி நொய்யை வெளைய வெச்சிட்டாரு" என்று ஊர் கைகொட்டியது.

"வாயில என்னா கொழுக்கட்டையா? மடை தொறந்திருந்ததைச் சொல்ல வேண்டியதுதானே?" என்று மேஸ்திரியிடம் கத்தினேன்.

"ஊருக்கு முன்னால சொன்னா நஞ்சப்பா இனிமே உரத்தையே தொடமாட்டாருங்க. அடுத்த தடவ மடையைக் கட்டிட்டுப் போடுங்கன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிட்டேன். நீங்களும் வெளியில சொல்லாதீங்க."

என்னிடம் சத்தியமே வாங்கிக்கொண்டார். பிடிவாதக்கார மனுஷன்! அந்தக் கெட்ட பெயரோடுதான் சிங்காரப்பேட்டைக்கு மாற்றலாகிப் போனார்.

நஞ்சப்பா இப்போது மடையைக் கட்டித்தான் உரம் போடுகிறார். ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் நெல் என் மில்லில் முழு அரிசியாக விழுகிறது. அடக்கத்துக்கு என்னோடு வந்தவர், திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார்: "தங்கமான மனுசன்ணா. பாவம், உரம் போடத்தான் தெரியல."

பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

நீங்கள் என்னிடம் விட்டுப்போனது அந்தச் சத்தியம் ஒன்றுதான், மேஸ்திரி. இதை எழுதி அதையும் உடைத்துவிட்டேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள்.