முடிவு தேதி போடாத படம்

பிளெக்ஸ் பேனர் அடித்துப் பதினெட்டு வருடம் வயிறு வளர்த்தவன் நான். கடை கடலூர் மஞ்சக்குப்பத்தில். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று இந்த வட்டாரத்தின் பாதி முகங்களை எட்டடிக்குப் பத்தடியில் பார்த்தவன். பேனர் வைப்பதற்குக் கெடுபிடி அதிகமானதும் மெஷினைத் தள்ளிவிட்டு, கடைகளில் டி.வி. மாட்டி விளம்பரம் ஓட்டும் தொழிலுக்கு மாறினேன். என் மனைவியின் தம்பிக்கு ஒயரிங் வேலை தெரியும். கான்ட்ராக்டரிடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்தான்.

கடலூரில் ஆறு டி.வி., சிதம்பரத்தில் நான்கு. இடம் பார்க்க ஒரு மாதம் அலைந்தோம். மனிதர்கள் எங்கே வேறு வேலையில்லாமல் காத்திருக்கிறார்களோ அதுதான் நல்ல இடம். டீக்கடை ஆகாது, அங்கே ஆளுக்கு ஒரு நியாயம் பேசிக்கொண்டிருப்பார்கள். மெஸ் வாசல், ஸ்வீட் கடை, செல்போன் ரிப்பேர் கடை, டாக்டர் கிளினிக்கோடு ஒட்டிய மெடிக்கல் ஷாப் என்று பொறுக்கி எடுத்தோம். மாட்டிய அன்று ஒவ்வொரு கடையிலும் டி.வி.க்கு மாலை போட்டு, கண்ணாடியின் நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். துடைக்காதீர்கள் என்று வேறு சொன்னார்கள். முதல் வாரம் எங்கள் விளம்பரங்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே ஓடின.

டி.வி.க்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சிம். எந்தப் படம், எந்த ஊரில், எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்பதை நான் கடலூரிலிருந்தே லேப்டாப்பில் போட்டுவிடுவேன். ஓடுகிற டி.வி.க்குப் பச்சைப் புள்ளி, நின்றுபோனதற்குச் சிவப்பு. கொஞ்ச நாளில் எனக்கு ஊர் என்பதே பத்துப் புள்ளிகளாகிவிட்டது. எந்தக் கடைக்கும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. பச்சையாக இருந்தால் போதும் என்றிருந்தேன்.

எங்களைத் தூக்கிவிடக்கூடிய ஒரே ஆள் நகைக்கடைக்காரர். பண்ருட்டியில் பெரிய கடை, சிதம்பரத்தில் கிளை. அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: சிதம்பரத்தின் நான்கு டி.வி.யும் சாயங்கால வேளையில் ஒரு மாதம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால் ஒரு வருடத்துக்கு அவர் விளம்பரம் எங்களுக்கு. இல்லாவிட்டால் மச்சான் பழையபடி கான்ட்ராக்டரிடம் போய் நிற்க வேண்டியதுதான். நான் எங்கே போய் நிற்பது என்று எனக்கே தெரியவில்லை.

மூன்று டி.வி. ஒழுங்காக ஓடின. மெடிக்கல் ஷாப் புள்ளி மட்டும் தினமும் நாலேகால் வாக்கில் சிவப்பாகும். ஏழு மணி வரை அப்படியே இருக்கும். கிளினிக் கூட்டம் பெஞ்சில் நிறைந்திருக்கும் நேரமே அதுதான். மச்சான் போய்ப் பெட்டியை மாற்றினான், ஒயரை மாற்றினான். வந்து, "மாமா, மிஷின்ல ஒண்ணும் இல்ல. யாரோ சுவிட்ச அமுக்குறாங்க" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மறுநாள் மதியமே பஸ் ஏறினேன். குடிகாடு தாண்டும்வரை தொழிற்சாலைகளின் ரசாயன நெடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு, கடைக்காரரை என்னவெல்லாம் கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் இல்லை. கவுன்டரில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. டி.வி. அவள் தலைக்குப் பின்னால் மருந்து அலமாரிக்கு மேலே இருந்தது, பெஞ்சு எதிரே. நோயாளி மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலேகாலுக்கு அவள் எழுந்தாள், எட்டி சுவிட்சை அணைத்தாள், திரும்ப உட்கார்ந்தாள்.

நான் யாரென்று சொல்லிவிட்டுக் கத்தினேன். உங்களால் இரண்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வரப்போகிறது என்றுகூடச் சொன்னேன். அவள் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை.

"பாப்பா ஸ்கூல் வுட்டு வர நேரம் சார். இதுல அவ அப்பா படம் வருது."

எனக்குப் புரியவில்லை. நானே சுவிட்சைப் போட்டேன். நகைக்கடை வந்தது, ஸ்வீட் கடை வந்தது, மனைப்பிரிவு வந்தது. அடுத்து வந்தது ஒரு கண்ணீர் அஞ்சலி. மீசை வைத்த, சிரித்த முகம். கீழே வரிசையாக வேன் ஸ்டாண்டு நண்பர்களின் சின்னச் சின்ன முகங்கள். பார்த்ததும் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு, மாரடைப்பில் போன லோடு வேன் டிரைவர் ஒருவருக்காக அவருடைய நண்பர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். சிதம்பரத்தில் மட்டும், ஒரே ஒரு நாள் ஓட்டச் சொன்னார்கள். ஸ்வீட் கடைக்காரர்கூட, மைதா மூட்டை ஏற்றி வந்த பையன் என்று சம்மதித்தார்.

தொடங்கும் தேதி போட்டேன். முடிவு தேதி போடவில்லை. பிளெக்ஸில் அந்தப் பழக்கமே கிடையாது. அடித்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. பிறகு மழையோ மாடோ மாநகராட்சியோ பார்த்துக்கொள்ளும். பதினெட்டு வருடத்தில் ஒரு பேனரைக்கூட நான் கழற்றியதில்லை. அந்த டிரைவர் சிதம்பரத்தில் இரண்டு மாதமாக மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை இறந்துகொண்டிருந்தார். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் நண்பர்களின் பாசம் என்று நினைத்தார்கள், நண்பர்கள் என் பெருந்தன்மை என்று நினைத்தார்கள். மச்சானும் பார்த்திருக்கிறான், மாமா காரணமாகத்தான் வைத்திருப்பார் என்று விட்டுவிட்டான்.

கணவனின் முப்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவள் இந்த வேலைக்கு வந்திருக்கிறாள். வேலை கொடுத்தவர் கடையில் மாட்டியிருப்பதை எடுக்கச் சொல்லக் கூச்சம். அதனால் சுவிட்சை அணைத்துவந்தாள். நான் கத்திய கத்தலை நினைத்து வெட்கமாக இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். போனை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே நான்கு டி.வி.யிலிருந்தும் அந்தப் படத்தை நீக்கினேன். இனிமேல் வராது என்றேன்.

நாலரை தாண்டியும் குழந்தை வரவில்லை. அவள் இரண்டு தடவை படி இறங்கித் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் முதுகுப் பையோடு ஒரு பெண் குழந்தை வந்தது, மூன்றாவதோ நாலாவதோ படிக்கும். ஏன் இவ்வளவு நேரம் என்று தாய் கேட்டாள்.

"ஸ்வீட் கடையாண்ட நின்னேம்மா. ரொம்ப நேரம் பார்த்தேன். இன்னிக்கு அப்பா வரவே இல்ல."

தாய்க்கு இது தெரியாது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. குழந்தையின் பையை வாங்கிக்கொண்டு, உள்ளே போய்க் கைகால் கழுவச் சொன்னாள். பிறகு சீட்டு நீட்டிய ஒருவருக்கு மாத்திரை வெட்டிக் கொடுத்தாள், சில்லறை கொடுத்தாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெஞ்சு நிறைய ஆரம்பித்திருந்தது. திரும்பப் போடட்டுமா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஸ்வீட் கடைல போட்டுடுங்க சார். பாப்பா பார்த்துக்கட்டும்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இங்க வேணாம். டி.வி. எனக்கு முதுகுப் பக்கம் இருக்குது. எதிர்ல குந்தினிருக்கவுங்க என்னப் பார்க்கறத வெச்சே தெரிஞ்சிடும், அவரு வந்துட்டாருன்னு."