வாய் அகன்ற போத்தல்

மகளின் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணிப் போத்தல் வாங்கப் பருத்தித்துறைக்குப் போனோம். உறிஞ்சிக் குடிக்கிற குழாய் வைத்ததைத்தான் அவள் கேட்டாள். "உதுக்குள்ளை ஊத்தை பிடிக்கும்" என்று, கைவிட்டுக் கழுவக்கூடிய, வாய் அகன்ற மலிவுப் போத்தலை வாங்கினேன். "எச்சில்படுத்தாதை, அண்ணாந்து குடி" என்றும் கட்டளை போட்டேன்.

முதல் நாளே சட்டையை நனைத்துக்கொண்டு வந்தாள். நன்றாக ஏசினேன். பிறகு சட்டை நனையவில்லை, போத்தலும் வெறுமையாகவே வந்தது. பிள்ளை பழகிவிட்டாள் என்று பெருமைப்பட்டேன்.

சிறுநீர் எரிவோடு போக, சலக்கடுப்பென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, "பள்ளிக்கூடத்திலை தண்ணி குடிக்கிறனீங்களோ, பிள்ளை?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை. சட்டை நனைஞ்சால் அம்மா ஏசுவா. எங்கடை வீட்டு வாசல் படலையடிச் செவ்வரத்தைப் பூமரத்துக்கு ஊத்திப்போட்டு வாறனான்."

அந்த வெயிலிலும் செவ்வரத்தை வாடாமல் நின்றதை நாள்தோறும் பார்த்தேன். பிள்ளையின் காய்ந்த உதட்டைத்தான் பார்க்கவில்லை.