சந்தனப் பொட்டுக்குக் கீழே எரிந்த விளக்கு

மாமனாரின் பழைய காரில், வேகம் காட்டும் வட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஆரியசாலைக் கடைத்தெருவில் மொத்த மளிகை வியாபாரம் செய்தவர் அவர். ஆயுத பூஜையன்று தராசு, பூட்டு, கால்குலேட்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், கை நிற்காமல் காருக்குள்ளும் ஒன்று வைத்துவிட்டார். அதன் அடியில் என்ன விளக்கு இருக்கிறது என்று அந்தக் காரை ஓட்டிய நான் யோசித்ததே இல்லை. சாமி விஷயத்தில் தலையிடாத நல்ல மருமகன்.

ஏழு மாதக் கர்ப்பத்தில் மனைவிக்குப் பொன்முடி மலையின் மூடுபனியைப் பார்க்கும் ஆசை வந்தது. நான் ஓட்டுகிறேன் என்று மார்தட்டினேன். என் ஓட்டும் திறமையை நன்கு அறிந்த மாமனார், யாரும் அழைக்காமலேயே பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

திரும்பி இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் அந்தப் பொட்டு பெயர்ந்து என் மடியில் விழுந்தது. அது இருந்த இடத்தில் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. இப்போதுதான் எரிகிறதா, பூஜை நாளிலிருந்தே எரிகிறதா?

“மாப்ளே, ஹேண்ட் பிரேக்கை இழுத்து வச்சுக்கிட்டே ஓட்டறீங்களா?”

இல்லை. ஓரமாக நிறுத்தி அதை இழுத்து இறக்கிப் பார்த்தேன், விளக்கு அணையவில்லை. பானட்டைத் திறந்தால், டப்பாவில் பிரேக் ஆயில் அடிக்கோட்டுக்கும் கீழே கிடந்தது. எங்காவது ஒழுகினால் சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். குனிந்து தடவினேன். மூடுபனியில் நான்கு சக்கரமும் ஈரம், நானும் ஈரம். பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக இருப்பதுபோல்தான் இருந்தது; ஆனால் நடுங்கும் காலின் சாட்சியத்தை எப்படி நம்புவது?

போனில் சிக்னல் இல்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மழை தொடங்கியிருந்தது, மனைவியின் கால்களோ வீங்கிப்போயிருந்தன. நடந்து இறங்க அவளால் முடியாது. “பேடிக்காதீங்க, மெதுவா போலாம்” என்று மலையாளம் கலந்த தன் தமிழில் எனக்குத் தைரியம் சொன்னவளின் கை வயிற்றை விட்டு நகரவில்லை.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டி, சாலையோரத்தில் கிடந்த பெரிய கல்லொன்றைத் தூக்கிக்கொண்டார். அவர் கடை வாசலில் லாரி நின்றால் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் மூட்டை இறங்கும். வண்டி சாஸ்திரத்தில் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“ஃபர்ஸ்ட் கியர்ல வாங்க. நான் கல்லோட நடக்கறேன்.”

மிச்சமிருந்த வளைவுகளில் அப்படித்தான் இறங்கினோம். பெரிய தொந்தியும் நனைந்த வேட்டியுமாக, கல்லைக் கைக்குழந்தைபோல அணைத்தபடி அவர் முன்னால் நடந்தார். சாமி ஊர்வலத்தில் தேர் ஓட்டுகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அடிவாரத்து டீக்கடையிலிருந்து போன் செய்ததும் பக்கத்து ஊரான விதுரையிலிருந்து மெக்கானிக் பைக்கில் வந்து, சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். “பிரேக் பேடு தேஞ்சு தீர்ந்துபோச்சு, அதான் ஆயில் தாழ்ந்தது. லீக் ஒண்ணும் இல்ல, கேட்டோ.” அப்போதுதான் மாமனார் கல்லைக் கீழே வைத்தார். அவர் முன்கைகள் சிராய்த்துச் சிவந்திருந்தன.

“கல்லை வச்சுக்கிட்டுப் பக்கத்துல நடந்திருக்கலாமே மாமா? பிரேக் போயிருந்தா முதல்ல உங்க மேலதானே ஏறியிருக்கும்?” என்றேன்.

“பக்கத்துல நடந்தா, நான் குனியறதுக்குள்ள சக்கரம் தாண்டிடும் மாப்ளே. முன்னால நின்னாத்தானே வைக்க முடியும்?” என்று சொல்லிவிட்டு, டீக்குச் சர்க்கரை போதாது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்.

அவர் இப்போது இல்லை. அன்று வயிற்றில் இருந்தவள் கார் ஓட்டப் பழகுகிறாள். எந்த விளக்கு எரிந்தாலும், “அது வெறும் சென்சர் கோளாறுப்பா” என்கிறாள். நான் இறங்கி, டயரில் காற்று பார்ப்பவன்போல, வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறேன்.

“அப்பா, ஒண்ணு மாறி நில்லுங்க!” என்று வழிவிடச் சொல்லி ஹாரன் அடிக்கிறாள்.

கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.