காப்பி நுழையாத வீடு

எங்கள் வீட்டில் காப்பி கிடையாது. மாடவீதியில் திரும்பிய பக்கமெல்லாம் டிகாஷன் மணக்கும் மயிலாப்பூரில், என் பெண் கல்லூரியை முடிக்கும்வரை நான் அதை வாயில் வைத்ததில்லை. கோழி கிடையாது. மாம்பழம் என்றால் ஒரு துண்டு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற என் நைனா, விசில் ஊதாத குறையாக எல்லாரையும் குளியலறைக்குள் ஏற்றுவார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "நம்ம குடும்பத்துக்கு சூட்டு ஒடம்பு."

அதற்குச் சாட்சியும் வைத்திருந்தார்கள். நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, குடல்வால் ஆபரேஷன் செய்யப்போய் மேசையிலேயே இறந்துபோனார். நைனாவோடு பிறந்த அத்தைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக மயக்கம் கொடுத்தார்கள். கொடுத்தவுடனே வாய் கிட்டிக்கொண்டது. பயந்துபோய் அப்படியே நிறுத்திவிட்டதால் பிழைத்தாள். இரண்டுக்கும் எங்கள் வீட்டில் எழுதிய தீர்ப்பு சூடு. நானும் நம்பினேன். என் தையல் கடையில் மெஷினை ஃபேனுக்கு நேர் கீழேதான் போட்டிருக்கிறேன்.

கல்லூரியை முடித்த கையோடு என் பெண்ணுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும், முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க முடியும் என்றார்கள். அன்றிலிருந்து பெற்றவள் எனக்கு ஒரே நினைப்பு. பெரியப்பா, அத்தை, அடுத்தது இவளா? நைனா அவளுக்கு மோரும் வெந்தயமுமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடையாற்றில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். என் வயதுப் பெண்மணி. வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததுண்டா என்று கேட்டார். நைனா முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல டாக்டரம்மா. எங்களுக்கு சூட்டு ஒடம்பு, அவ்ளோதான். காலையில ஒரு எளநி குடுத்துட்டு இட்டாந்துடவா?"

டாக்டர் சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் வாய்ப்புண் வந்தால் சூடு, கண் எரிந்தால் சூடு, மாமியார் கத்தினாலும் சூடு. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சும்மா சூடு சூடுன்னு சொல்லிக்கினு இருக்காத நைனா. பெரியப்பாவுக்கு இன்னா ஆச்சுன்னு அப்படியே சொல்லு."

நைனா தரையைப் பார்த்தார். "மயக்கம் குடுத்தாங்கோ. கொஞ்ச நேரத்துல ஒடம்பு கட்டையாட்டம் வெறச்சிக்கிச்சாம். வெளிய கொணாந்தப்போ தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்லு மாதிரி கொதிச்சுது."

"அத்தைக்கு வாய் கிட்டிக்கிச்சு டாக்டர்" என்றேன் நான்.

டாக்டரின் சிரிப்பு நின்றது. "ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது நீங்க சொல்ற சூடு இல்ல. ஜீன்ல இருக்கிற ஒரு பிழை. தசைக்குள்ள கால்சியத்தை வெளிய விடுற கதவு மாதிரி ஒண்ணு இருக்கு. சாதாரண நாள்ல ஒரு தொந்தரவும் தெரியாது. சில மயக்க வாயுவையோ, தசையைத் தளர்த்துற ஒரு ஊசியையோ குடுத்தா அந்தக் கதவு திறந்துக்கும், மூடாது. தசை விறைக்கும், ஜுரம் ஏறிக்கிட்டே போகும். அப்பா, அம்மாவுல ஒருத்தருக்கு இருந்தாலே போதும், பிள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு."

நைனா தோள் துண்டை எடுத்துக் கையில் சுற்றினார். பிறகு, "அப்போ காப்பி?" என்றார்.

"எந்தக் காப்பி?"

"ஆபரேஷனுக்கு மொத நாளு சாயங்காலம் எங்கண்ணன் ஆசையா கேட்டான். நான்தான் வாங்கிக் குடுத்தேன். அதுலதான் சூடேறிப் பூட்டான்."

எங்கள் வீட்டில் ஏன் காப்பி கிடையாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஐயா, அந்தக் காப்பிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் டாக்டர். "அது அவர் பொறக்கும்போதே அவர் உடம்புல இருந்தது."

நைனா துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். எல்லாருடைய ரத்தமும் பரிசோதனைக்குப் போனது. நைனா, நான், என் பெண் மூன்று பேருக்கும் அந்தப் பிழை இருந்தது. சித்திரை பிறந்தால் வெயில் தாங்கவில்லை என்று வீட்டையே இரண்டாக்கும் என் தம்பிக்கு மட்டும் இல்லை.

ஆபரேஷன் அன்று, ஆபத்தான வாயு எதுவும் கிடையாது, எல்லா மருந்தும் நரம்பு வழியாகத்தான் என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். மயக்கம் கொடுக்கும் மெஷினில் பழைய வாயு துளி இல்லாமல் கழுவியாயிற்று. ஒருவேளை ஜுரம் ஏறினால் கொடுக்க வேண்டிய மாற்று மருந்தை வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்துப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அத்தனை சொல்லியும், மூடிய கதவை விட்டு நான் நகரவில்லை. உள்ளே போனவள் என் ஒரே பெண்.

கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசத்தை இறக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கண்ணு முழிச்சுட்டா. ஜுரம் இல்ல. ஏசி குளிருது, போர்வை குடுங்கன்னு கேக்கறா."

குளிருதாம்! எங்கள் வம்சத்தில் ஆபரேஷன் மேசையில் படுத்து எழுந்த ஒருத்தி குளிருது என்கிறாள்! "ஜெயிச்சிட்டோம் நைனா!" என்று நான் போட்ட கத்தலில் வாட்ச்மேன் ஓடிவந்து அதட்டினார். போய்யா என்றேன். அன்றைக்கு யார் அதட்டினாலும் எனக்கு உறைத்திருக்காது.

சாயங்காலம், குடிக்க ஏதாவது கொடுக்கலாம் என்றார் நர்ஸ். என்ன வேண்டும் என்று கேட்டேன். கரகரத்த குரலில், "காப்பிம்மா" என்றாள்.

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் எழுந்து கீழே போனார். வரும்போது கையில் மூன்று கப் இருந்தது. அவளுடையதை மட்டும் நர்ஸ் சொன்னபடி ஆற்றிக் கொடுத்தோம். நைனா தன்னுடையதை ஊதக்கூட இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்கண்ணனுக்கு இப்டித்தான், சக்கரை தூக்கலா இருக்கணும்" என்றார்.

பெரியப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம். ஒருத்தருக்கும் உடம்பு சுடவில்லை.