கிழிந்த சேலைகளின் புத்தகம்

சுங்கை சிப்புட்டில் என் அக்காவின் மூக்கை அவள் கணவன் உடைத்த அன்றே, நான் போய் அவளை ஈப்போவுக்குக் கூட்டி வந்துவிட்டேன். டயர் பட்டறையில் வேலை பார்க்கும் தனியாள் நான். ஃப்ளாட்டில் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. ஆனால் படியில் காலடிச் சத்தம் கேட்டாலே அவள் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டாள். எப்படியாவது அவளை வெளியே கொண்டுபோக வேண்டும் என்றுதான் கையால் புத்தகம் செய்யும் வகுப்பில் சேர்த்தேன். தனியாகப் போக மாட்டேன் என்றாள். நானும் சேர்ந்தேன்.

பழைய டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில், ஞாயிறு காலைகளில் வகுப்பு. நடத்தியவள் ஒரு சீனப் பெண், என் வயதுதான் இருக்கும். எழுத்தே இல்லாவிட்டாலும் அது புத்தகம்தான் என்று சொல்வாள். தாளை மடிக்கவும், குத்தூசியால் துளை போட்டு மெழுகு நூலால் தைக்கவும் கற்றோம். டயரைக் கழற்றிப் பழகிய கைக்குத் தாள் பிடிபடவில்லை, கிழித்துக்கொண்டே இருந்தேன். “பெலான் பெலான்,” என்பாள் அவள் மலாயில். மெதுவாகச் செய் என்று.

ஒரு ஞாயிறு அக்கா பையிலிருந்து சேலைத் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பினாள். எல்லாம் அவன் அடித்தபோது கிழிந்தவை. சிலவற்றில் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது.

“துவைச்சிருக்கலாமேக்கா.”

“எதுக்கு? இப்படியேதான் ஒட்டப் போறேன்லா.”

ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கமானது. பாதி தைத்திருந்தபோது, யாரிடமோ விசாரித்துக்கொண்டு அவன் மாடியேறி வந்துவிட்டான். கையில் ஹெல்மெட்.

“கெளம்புடி வீட்டுக்கு,” என்றவன், மேசையில் இருந்ததைப் பார்த்து நின்றான். துணிகளை அடையாளம் கண்டுகொண்டான். “என் மானத்தைப் புத்தகமா போடுறியா?”

ஹெல்மெட்டை ஓங்கினான். நான் குறுக்கே பாய்ந்தேன். அடி என் காதில் விழுந்தது; ஒரு பக்கம் எதுவும் கேட்கவில்லை. நான் எழுவதற்குள் அவன் தாள் வெட்டும் கத்தியை எடுத்துவிட்டான். அதை அலகோடு பிடித்தேன். அவன் உருவினான். உள்ளங்கை பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கத்தி எங்கோ விழ, அவன் அக்காவை மேசையோடு அழுத்திக் கழுத்தை நெரித்தான். அவள் முகம் நீலமாகிக்கொண்டிருந்தது.

அவள் கை மேசையில் துழாவிக் குத்தூசியை எடுத்தது. அவன் தோளில் இறக்கினாள். அவன் அலறிக்கொண்டு பிடியை விட்டான். மறுபடியும் குத்தினாள். சீனப் பெண் தாள் அழுத்தும் இரும்புக் கட்டியைத் தூக்கி அவன் முழங்காலில் போட்டாள். நொண்டியபடி ஓடியவன் படியில் உருண்டான். கீழே காப்பிக்கடையில் இருந்தவர்கள் போலீஸ் வரும்வரை அவன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

அவனுக்குச் சிறை கிடைத்தது. அக்கா தற்காப்புக்காகவே குத்தினாள் என்று அவள்மேல் வழக்குப் போடவில்லை. என் கையில் நரம்பு அறுந்து இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. பட்டறையில் இப்போது கல்லாவில் உட்கார்கிறேன். அவள் புத்தகத்தைத் தைத்து முடித்துவிட்டாள்.

“அன்னிக்குப் பயமா இருந்துச்சாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அவன் கத்துனப்ப எனக்கு நல்லா இருந்துச்சுடா. அதை நெனைச்சாத்தான் பயமா இருக்கு.”