அறுப்பின் பண்டிகை ஃபோல்டருக்குள் ஒரு கலங்கரை விளக்கம்

ஸ்கிரீன் பிரிண்டிங் மையின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் பசிக்கும். குழித்துறையில் நான் வேலை பார்த்த டிடிபி கடையில், அந்த வாசனைக்கு நடுவில்தான் மத்தியானச் சாப்பாடு.

மரச்சீனிக் கிழங்கையும் மீன் கறியையும் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, நானும் ஷைனியும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு ஸ்டூலைப் போட்டு உட்காருவோம். முதலாளி அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் எங்களுடையது.

ஷைனி என்னோடு டைப் அடிக்கச் சேர்ந்தவள். யாரோ கொடுத்த சிடியிலிருந்து ஒரு கேமை ஏற்றியது அவள்தான். சுடுவது, ஓடுவது எதுவும் கிடையாது. படத்தில் தெரிகிற பொருட்களை மவுஸால் தொட்டு எடுக்க வேண்டும், ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், ஆட்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் தீவுக்கு வருகிறாள்... அவ்வளவுதான் கதை. மவுஸ் என் கையில், யோசனை அவள் தலையில்.

ஒரே ஒரு சிக்கல். சனிக்கிழமைதோறும் அண்ணன் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணுவார். கஸ்டமர் பெயர் இல்லாத ஃபோல்டர் எல்லாம் போய்விடும். அதனால் கேமை ஒரு கல்யாண வீட்டுக்காரர் ஃபோல்டருக்குள் ஒளித்து வைத்தோம். பத்திரிகை டெலிவரி ஆனதும் அண்ணன் அந்த ஃபோல்டரையும் அழித்துவிட்டார். இரண்டு மாத ஆட்டம் அதோடு போச்சு!

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த ஷைனிதான் வழி சொன்னாள்.

"ஏட்டி சுஜி, கல்யாணம் ஒரு தடவதான். அறுப்பின் பண்டிகை வருசா வருசம் வரும்லா? அந்த ஃபோல்டர அண்ணன் தொடமாட்டாரு."

உண்மைதான். எங்கள் சர்ச் சபையின் அந்த அறுவடைப் பண்டிகை நோட்டீஸில் தேதியையும் பிரசங்கியார் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது. யார் அதை அழிப்பார்கள்? அதற்குள் கேமை வைத்து, முதலிலிருந்து தொடங்கினோம்.

கலங்கரை விளக்கத்துக்கு வந்து மாட்டிக்கொண்டோம். வாசலில் ஒரு கிழட்டு மாலுமி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். கதவைத் திறக்க மாட்டான். கயிறு, மீன், விளக்கு, ரொட்டி... பையில் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தோம். மாதக்கணக்கில் அசையவில்லை படுபாவி.

அந்தச் சமயத்தில் எனக்கு அம்மை போட்டது. நான் வீட்டில் வேப்பிலைக்கு நடுவில் கிடந்தபோது, ஷைனிக்கு பஹ்ரைனில் இருக்கும் கணவரிடம் போக விசா வந்துவிட்டது. என்னை வந்து பார்க்கவும் முடியாமல் விமானம் ஏறிவிட்டாள்.

நான் கடைக்குத் திரும்பிய அன்று அண்ணன் சாதாரணமாகச் சொன்னார். "கடைசி நாளு அவ அந்தக் கதவத் தொறந்துட்டா, கேட்டியா. ஒத்தைக்கி இருந்து கைதட்டிச் சிரிக்கா."

எங்கள் ரகசியம் அவருக்கு முன்பே தெரியும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. நான் இல்லாமல் திறந்துவிட்டாளே என்பதுதான் உறைத்தது. எனக்கு வீம்பு ஜாஸ்தி. அதற்குப் பிறகு அந்த ஃபோல்டரைத் தொடவே இல்லை. ஷைனியின் போனுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில். பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும். இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு கேமுக்காகவா என்று சிரிக்காதீர்கள், அப்போது நெஞ்சு வலித்தது.

போன மழைக்கு படியில் வழுக்கி, காலில் மாவுக்கட்டு. பொழுது போகவில்லை. கையில் இருந்தது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த பழைய லேப்டாப். புது கேம் எதைப் போட்டாலும் ஃபேன் கத்தும், படம் நகராது. இதில் ஓடுகிற மாதிரி பழைய கேம் ஏதாவது உண்டா என்று தேடினேன். பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கிற ஒரு இலவச புரோகிராம் கிடைத்தது. உடனே அந்த மாலுமி ஞாபகம்.

கடையை ஒரேயடியாக மூடியபோது அண்ணன் ஒவ்வொரு சபைக்கும் அதன் ஃபோல்டரை சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார். எங்கள் சபை சிடியை என்னிடமே கொடுத்தார், அது என் அலமாரியில்தான் கிடந்தது. நல்லவேளை, லேப்டாப்பில் சிடி போடும் தட்டும் இருந்தது.

நோட்டீஸ்களுக்கு நடுவே கேம் அப்படியே இருந்தது. ஓடவும் செய்தது!

சேவ் பண்ணிய இடங்களின் பட்டியலைத் திறந்தேன். கடைசிப் பெயர், ஆங்கில எழுத்தில்: "சுஜி வரட்டும்".

அதைத் தொட்டேன். மாலுமிக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை, கூட உட்கார வேண்டும், அவ்வளவுதான்! சாவி பூட்டில் தொங்கியது. கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. ஷைனி உள்ளே போகவில்லை.

அழுதுகொண்டேதான் பஹ்ரைனுக்கு போன் போட்டேன். எல்லாம் சொல்லி முடித்ததும் ஷைனி கேட்டாள்.

"மக்கா... இவ்வளவு நாளும் நீ தொறக்கலியா? நீ பாத்துட்டு எனக்குச் சொல்லலன்னுல்லா நான் நெனச்சேன்."

இரண்டு பேருமே காத்திருந்திருக்கிறோம். என் வீம்பு இத்தனை வருடத்தைத் தின்றிருக்கிறது. ஆனாலும் அந்த ஃபோல்டரை அழிக்காமல் வைத்த அண்ணனுக்கும், மூச்சு வாங்கிக்கொண்டே ஓடும் இந்த லேப்டாப்புக்கும், உடைந்த என் காலுக்கும்கூட நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அன்றைக்கு ஒரு மவுஸ், இரண்டு ஸ்டூல், ஒரு மணி நேரம். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்கு லீவு. போனை சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தால் அங்கிருந்து அவள் யோசிக்கிறாள், இங்கே நான் தொடுகிறேன். கதவுக்குப் பின்னால் ஏணிப்படிதான் இருந்தது, அதற்கு மேலே இன்னொரு பூட்டு. விடை இணையத்தில் இருக்கிறதாம். நாங்கள் பார்ப்பதாக இல்லை.

போன வாரம் அவள் போனை வைத்த பிறகு நான் ஒன்றிரண்டு பொருளை மாற்றிப் பார்த்தேன். பூட்டு திறந்துகொண்டது. உள்ளே எட்டிப் பார்க்காமல் சேவ் பண்ணினேன். பெயர் கேட்டது.

"ஷைனி வரட்டும்" என்று அடித்தேன்.